முதலுதவிக்காரன் வாயில் சந்தனம்

சிரஞ்சீவி வர்ஷாவுக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட்டு, மனித மனம் ஆகிய மூன்றுக்கும் ஏகபோகப் பொறுப்பாளனாகிய உன் தாய்மாமன் மனோகரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் திருவேற்காட்டுக் கொசுக்களும் சுகம். உன் சுகத்தையும், உன் சமையலைச் சாப்பிடுகிறவர்களின் சுகத்தையும் அறிய ஆவல்.

உங்கள் ஆபீசில் மனநல முதலுதவிப் பயிற்சி நடத்துகிறார்கள், பெயர் கொடுக்கலாமா மாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். எங்கள் ஸ்டோர்ஸிலிருந்து அந்தப் பயிற்சிக்குப் போய் உயிரோடு திரும்பிய மாவீரன் நான். எச்.ஆர். அனுசுயா மேடம் வகுப்பு முழுக்கச் சொன்னது ஒன்றுதான்: மனசு கஷ்டப்படுகிறவர் பக்கத்தில் உட்காரணும், அவர் பேசுவதைக் கேட்கணும், அறிவுரை மட்டும் சொல்லவே கூடாது. ஒருத்தன் தும்மினால் நாலு தெருக்காரர்கள் கஷாயம் சொல்கிற ஊரில் இது நடக்கிற காரியமா? ஒத்திகையில் வாயை மூடிக்கொண்டிருந்ததில் பிரஷர் ஏறி எனக்கே முதலுதவி தேவைப்பட்டது. இருந்தாலும் சட்டையில் பச்சை பேட்ஜ் குத்திவிட்டார்கள். மறுநாள் முதல் என் தலை தெரிந்தாலே கம்பெனி மொத்தமும் பல்லைக் காட்டிச் சிரித்தது. தனியாக உட்கார்ந்தால் நான் வந்துவிடுவேன் என்று பாத்ரூமுக்குக்கூட ஜோடி ஜோடியாகப் போனார்கள்.

தப்பிக்கத் தெரியாமல் மாட்டியவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உஸ்மான் கனிதான். போன மாதம் பிரேக் பிடிக்காமல் அவன் வண்டி கேன்டீன் சுவரைப் பெயர்த்து உள்ளே போய், அண்டா கவிழ்ந்து, சாம்பார் ஆறாகப் பெருகி, அம்பத்தூர் ஏரியில் கலந்து, இன்றுவரை அங்கே மீன் பிடித்தால் முருங்கைக்காய் வாசனை வருகிறது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. பூந்தமல்லியிலிருந்து தினமும் யூனிஃபார்மில் வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவான். வீட்டில் மனைவி ரசூல் பீவிக்கு ஒன்றும் தெரியாது. ஆயுத பூஜை முடிந்ததும் வேலையை விட்டுவிடுவதாக முடிவு. நான் விடுவேனா? முதலில் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன், பிறகு நடைப்பயிற்சி சொன்னேன், அதற்கும் பிறகு, "போனது சாம்பார்தானேப்பா, ரசம் வெச்சா தீந்துது" என்று தத்துவமே சொன்னேன். "அண்ணாத்தே, உன் கால்ல வுயிறேன், எய்ந்து போயிடு" என்று கும்பிட்டான்.

ஆயுத பூஜையும் வந்தது. லேத்திலிருந்து ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. ஃபோர்மேன் உலகநாதன் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தான். "யோவ் மனோகரா, மேடம் கணக்குல நீயும் ஒரு டூலுதானே? எத்த வெச்சி வேல செய்றே?" "வாயை வைத்துத்தான்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். உடனே உதட்டின் மேல் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம், கழுத்தில் மாலை! "காலீல வரிக்கும் இத்த தொறக்கக் கூடாது, சாமி குத்தமாயிடும்!" போனஸ் அறிவித்த அன்றுகூட எங்கள் ஆட்கள் அப்படிக் கைதட்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து, விட்டுப்போன டிபன் கேரியரை எடுக்க உஸ்மான் வந்தான். மாலை போட்ட அவன் வண்டி, பக்கத்தில் மாலை போட்ட நான். "இன்னா அண்ணாத்தே, கம்முனு கீறே?" நான் உதட்டுச் சந்தனத்தைத் தொட்டு, மேலே சாமியைக் காட்டினேன். கேரியரை மறந்தான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சாம்பார் போனா மசுரு போச்சு. செவுத்துக்கு அந்தாண்ட நம்ம ராஜகுமாரியக்கா தட்டு கய்விகினு இருந்துச்சு. ஒரு அடி இந்தாண்ட நின்னிருந்தா? ஸ்டீரிங்கப் பாத்தாலே அக்கா மூஞ்சிதான் தெரியுது. கை உதறுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளாக நான் சாம்பாருக்கல்லவா வைத்தியம் பார்த்திருக்கிறேன்! அறிவுரைகள் வேப்பம்பட்டு லோக்கல் ரயில் கூட்டம் மாதிரி தொண்டையில் நெரிந்தன. சந்தனம் தடுத்தது. பொரிப் பொட்டலத்தை நீட்டினேன். தின்றான், அழுதான், பேசினான், மறுபடியும் தின்றான். பொட்டலம் காலியானதும் முகத்தைத் துடைத்தான். "ஊட்ல சொல்லிடறேன். காலீல வண்டிய எட்த்துப் பாக்கறேன். இன்னிக்குத்தான் அண்ணாத்தே நீ கரீட்டா பேசினே."

ஆகவே வர்ஷா, தயங்காமல் பெயர் கொடு. காது திறந்து வாய் மூடிய ஞானி உன் மாமன். இன்றோடு அறிவுரையைத் துறந்தேன். (வாய்க்குத்தான் பூட்டு, பேனாவுக்குச் சந்தனம் வைக்க உலகநாதன் மறந்துவிட்டான்.) நீ சகல சௌபாக்கியங்களோடும், வேளைக்குத் தூக்கத்தோடும் வாழ்க.

இப்படிக்கு,
மௌனச் சக்கரவர்த்தி மனோகரன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது. சந்தனத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன். உஸ்மான் வண்டியில் உட்கார்ந்திருந்தான், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், எதிரே ராஜகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்றேன் கனி, கிளட்ச்சை..." என்றுதான் ஆரம்பித்தேன். இறங்கி வந்தான், உலகநாதன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினான், தன் கையாலேயே என் வாயில் பூசினான், ஏறிப் பழத்தை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று போனான். கை உதறவே இல்லை. பயிற்சியெல்லாம் வேண்டாம் வர்ஷா. நல்ல சந்தனக் கட்டையாக ஒன்று வாங்கிக்கொள். எனக்கும் ஒன்று அனுப்பு. தினமும் பூச மேடம் உத்தரவு.