வீரனுக்கு வேலை கொடுத்த கதை

ஒரே மந்திரத்தில் பதினெட்டு அரக்கர்கள் சாம்பலானதும், எல்லாரும் கன்ட்ரோல் என்று கூப்பிடும் மனிதர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பெருமூச்சைக் கவலையோடு கவனித்தார்.

ஆட்டம் என்றால் காகிதமும் பகடையும்தான், மீதியெல்லாம் கற்பனை. மெக்கானிக் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம் போட்டு அதற்குள் சண்டை போடுவார்கள். மந்திரவாதி அவருடைய மச்சினன். வைத்தியர், பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். வீரன், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவர். கன்ட்ரோல் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

மெக்கானிக்கின் மனைவி பிரிந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. அக்கா போனாலும் மச்சினன் போகவில்லை, ஏனென்றால் ஆட்டத்தில் அவனுடைய மந்திரவாதி பன்னிரண்டாம் படியை எட்டியிருந்தான். அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான். மற்ற நாட்களில் ஃப்ரிட்ஜ்தான் முனகும். மூவரில் ஒருவர் நின்றாலும் ஆட்டம் படுத்துவிடும், அப்புறம் ஃப்ரிட்ஜே கதி.

விதிப்புத்தகத்தின் முதல் பதிப்பில் வீரன் உப்புக்குச் சப்பாணி. மந்திரவாதி ஊரைக் கொளுத்துவான், வீரன் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான். பாவம், மனுஷன் வாரம் தவறாமல் வந்து சும்மா நின்றுவிட்டுப் போகிறாரே என்று டீச்சரும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

லிஃப்டில் ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் எதிர் எடை. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஓடும். இருபத்தாறு வருஷமாக அதைச் சரிபார்க்கிறவருக்கு ஒரு காகித வீரனைச் சரிபண்ணுவது பெரிய காரியமா?

இரண்டாம் பதிப்பை வாங்கினார். அதில் எல்லாருக்கும் ஒரே பலம். வீரனுக்குப் பதினான்கு வித்தைகள், ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்ட்ரோல் தாளை மேலும் கீழும் பார்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மச்சினனுக்கோ முகம் தொங்கிவிட்டது.

"நான் மந்திரம் போட்டாலும் அதே அடி, அவர் கத்தியால குத்தினாலும் அதே அடி. அப்புறம் நான் எதுக்கு மாமா கஷ்டப்பட்டு மந்திரம் படிச்சேன்?"

மூன்றாம் பதிப்பு வந்தது. மந்திரவாதிக்கு நெருப்பு திரும்பக் கிடைத்தது, ஆனால் வைத்தியர் எக்கச்சக்கமாக வளர்ந்துவிட்டார். டீச்சரே அடித்தார், டீச்சரே கட்டுப் போட்டார், எதிர்த்துப் பேசிய அரக்கனை மூலையில் நிற்க வைத்தார். மச்சினன் போனை நோண்டினான். கன்ட்ரோல் மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. இரண்டு வாரம், சாப்பாட்டு இடைவேளைகளில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, மூன்று பதிப்புகளையும் பிசைந்து சொந்த விதிகள் எழுதினார். இனி வீரன்தான் தலைவன். யார் அடிப்பது, யார் பதுங்குவது, எல்லாம் அவன் சொன்னபடி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதையில் பாலம் உடைந்தது.

"இந்தப் பக்கம் மந்திரவாதி தொங்குறான், அந்தப் பக்கம் வைத்தியர். உங்ககிட்ட ஒரே ஒரு கயிறுதான் இருக்கு," என்றார் மெக்கானிக் பெருமையாக. "யாரைக் காப்பாத்தணும்னு நீங்கதான் சொல்லணும்."

மச்சினன் கையைத் தூக்கினான். வைத்தியர் பிழைத்தால்தானே மற்றவர்களும் பிழைக்க முடியும் என்று டீச்சர் நியாயம் பேசினார். கன்ட்ரோல் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம் டீச்சரும் வரவில்லை. இரண்டு பேருக்கு எதற்கு ஆட்டம் என்று மச்சினனும் நின்றுகொண்டான்.

புதிதாக வந்திருந்த நான்காம் பதிப்பைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு, மெக்கானிக் கன்ட்ரோலின் வீட்டுக்கே போனார். கதவைத் திறந்தது அவர் மனைவி. அவர் டியூட்டி முடித்து இப்போதுதான் படுத்தார் என்றாள்.

வாசலில் நின்றபடியே மெக்கானிக் மனக்குறையைக் கொட்டினார். கண் கலங்கிவிட்டது. "அவரைச் சும்மா நிக்க வைக்கிறோமேன்னுதான் இவ்வளவும் செஞ்சேன். இதுல வீரனுக்கு ஒரு ராஜ்யமே இருக்கும்மா. ஒரே ஒரு தடவை வரச் சொல்லுங்க."

அவள் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வாரத்துல ஆறு நாளும் யாருக்கு முதல்ல ஆம்புலன்ஸ் அனுப்பறதுன்னு அவர்தாங்க முடிவு பண்ணணும். உங்க வீட்ல மட்டும்தான், நான் ஒண்ணுமே செய்யாம நின்னாலும் எல்லாரும் பிழைச்சுக்கிறாங்கன்னு வந்து சந்தோஷமா சொல்லிட்டிருந்தாரு."