சத்தியம் செய்த செயின்சோ

“பிள்ளை, உன்ர வாயால இந்த மெசின் ஒருநாளும் விலைப்படாது.”

வெள்ளவத்தை ஹாட்வெயார் கடை ஒன்றில் நான் சேர்ந்து மூன்றாம் மாதம், முதலாளி தேநீரை ஊதிக்கொண்டே இதைச் சொன்னார். அவர் காட்டியது, கண்ணாடி அலுமாரிக்குள் தூசு குடித்துக்கொண்டிருந்த ஒரு செயின்சோவை. வீட்டு வளவில் கொப்பு வெட்டுகிறவர்களுக்கும், சின்னக் கொந்தராத்து எடுக்கிறவர்களுக்கும் என்று வந்த நடுத்தர மெசின். பாரம் குறைவு. அதனாலேயே ஒருவரும் அதை மதிக்கவில்லை. தூக்கிப் பார்ப்பார்கள், “விளையாட்டுச் சாமானோ?” என்று கேட்பார்கள், வைத்துவிட்டு ஆணி வாங்கிப் போவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். கொச்சிக்கடையில் மூட்டை இறக்கும் என் அப்பா, கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். அதனாலோ என்னவோ, அச்சடித்த எதைக் கண்டாலும் நான் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுத்தான் வைப்பேன். அந்த மெசினோடு வந்த இங்கிலீஷ் கைநூலின் பொலித்தீன் உறையைக் கடையில் ஒருவரும் கிழித்திருக்கவில்லை. நான் கிழித்தேன், முழுக்க வாசித்தேன், பெயின்ட் பக்கம் நிற்கும் என்னை மெசின் பக்கம் மாற்றுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். சரஸ்வதி பூசை நாளுக்குள் அந்த ஒன்றை விற்றுக் காட்டினால் மெசின் பக்கம் என்னுடையது, இல்லாவிட்டால் ஆயுளுக்கும் பெயின்ட் நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் கோட்டு முதலியார் வந்தார்.

மெசினைச் சத்தியம் பண்ணவைத்து வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அவருக்கு முன்னும் இல்லை, இனிப் பிறக்கவும் மாட்டார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த உத்தியோகத்துக்குக் கோட்டு முதலியார் என்று பெயர்; சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். வீடு கொட்டாஞ்சேனையில். அங்கேயுள்ள ஹாட்வெயார் கடைகள் எல்லாவற்றோடும் கோபித்து முடித்துவிட்டதால், பஸ் ஏறி வெள்ளவத்தை வரை வந்திருந்தார். அவர் வீட்டு மாமரத்தின் ஒரு கொம்பு பக்கத்து வீட்டுக் கூரைத் தகட்டின்மேல் படுத்திருந்தது. காய் விழும்போதெல்லாம் வெடிகுண்டு என்று அந்த வீட்டுக்காரர் கட்டிலுக்குக் கீழே போவாராம்.

முதல் நாள் அவர் செயின்சோவை வலது கையால் தூக்கி, கையை நேரே நீட்டி, கண்ணை மூடினார். “உண்மையை, முழு உண்மையை, உண்மையைத் தவிர வேறெதையும்...” என்று தொடங்கினார். தமிழில் முடித்துச் சிங்களத்தில் தொடங்கினார். அதையும் முடித்து இங்கிலீஷில் பாதி போன பிறகுதான் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த பெரிய மெசினைத் தூக்கியபோது தமிழில் “முழு உண்மை” வரைகூடப் போகவில்லை, கை விழுந்துவிட்டது.

“பாரம் சரி. வழக்கு அடுத்த சனிக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். கடைப் பெடியன்கள் முன்னுக்கு வர, கையால் தடுத்தார். வீட்டில் இழுக்கப்போவது தன் மனிசிதான் என்றும், ஆகவே இந்தப் பொம்பிளைப் பிள்ளைதான் இழுக்கவேண்டும் என்றும் சொன்னார். நான் இழுத்தேன். நாலாவது இழுவைக்கு மெசின் உறுமியது. முதலியார் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டு, கடையில் நின்ற எல்லோருக்கும் மொழிபெயர்த்தார். நீதிமன்ற வழக்கப்படி, சாட்சி சொன்னதை ‘நான்’ என்றே சொன்னார்.

“சாட்சி சொல்லுறார்: நான் காலமையில எழும்ப நாலுதரம் கூப்பிட வேணும். எழும்பினாப் பிறகு ஒருதரம் காணும். எனக்குப் பெற்றோலோட எண்ணெயை அளந்து கலந்து தர வேணும். கண்மதியாக் கலந்தா நான் படுத்திடுவன்.”

கடைசி இரண்டும் கைநூலில் அப்படியே இருந்தவை. அவர் கைநூலைத் தொடவே இல்லை.

மூன்றாம் முறை மரக்கட்டைகளோடு வந்தார். மா ஒன்று, பலா ஒன்று, தென்னை ஒன்று. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தாராம். தென்னங்குற்றியை யன்னல் சீற்றில் இருத்தி, தான் பக்கத்தில் நின்றிருக்கிறார். கொண்டக்டர் கேட்டதற்கு, அது வழக்கில் சான்றுப்பொருள், கசங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் நான் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வெட்டிக் காட்டினேன். மா, பாண் வெட்டுவதுபோலப் போனது. பலா கொஞ்சம் முனகி வழிவிட்டது. தென்னையில் பாதி போனதும் புகை வந்தது, நான் நிறுத்தினேன். முதலியார் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

“முழுத் தென்னையையும் இது வெட்டுமோ?”

அவருக்குப் பின்னால் நின்ற முதலாளி தலையை மேலும் கீழும் ஆட்டினார். எல்லாம் வெட்டும் என்று சொல், என்பது அதற்கு அர்த்தம். எனக்கு அந்த மெசின் பக்கம் வேண்டும். அது எவ்வளவு வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் வாசித்ததை வாசிக்காத மாதிரிக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

“இல்லை ஐயா. கொப்புக்கும் சின்ன மரத்துக்கும் இது தங்கம். செயினை இறுக்கிற ஆணி பக்கத்தில இருக்கு, பொம்பிளையளும் லேசா இறுக்கலாம். தட்டினவுடன பிறேக் பிடிக்கும். ஆனா நாள் முழுக்க மரம் விழுத்திறவைக்கு இது சரிவராது. அரை மணித்தியாலம் பிடிச்சா விரல் விறைக்கும். எண்ணெய் மூடியும் இறுக்கம், ஈரக் கையால திறக்க ஏலாது.”

முதலியார் மீதித் தென்னங்குற்றியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அடுத்த தவணை எப்போது என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெயின்ட் நிற அட்டையை எடுத்துத் தூசு தட்டினார்.

அவர் வந்தது சரஸ்வதி பூசையன்று. மெசின் வேண்டும், இப்போதே வேண்டும் என்றார். நானும் முதலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடையின் ஆயுதங்கள் எல்லாம் பூசையில் இருந்தன. செயின்சோ சந்தனப் பொட்டும் செவ்வந்தி மாலையுமாக, கும்பத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைபோல இருந்தது. மறுநாள் விஜயதசமி வரை ஒருவரும் ஒன்றையும் எடுக்கக்கூடாது. அந்த நாளையே எனக்குக் கெடுவாக வைத்தது அது ஞாபகமில்லாமல்தான் என்று முதலாளியின் முகம் சொன்னது. ஆனால் கெடு கெடுதான் என்று வாய் சொன்னது.

முதலியார் விசயத்தைக் கேட்டறிந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூசைக்கு முன்னால் இருந்துகொண்டார்.

“விக்கலாம், எடுக்க ஏலாது. அவ்வளவுதானே? நான் இண்டைக்கு வாங்கீட்டன். பில்லை எழுதுங்கோ. நாளைக்கு நல்ல நாள், பிள்ளையளுக்கு ஏடு தொடக்கிற நாள். இவருக்கும் கொட்டாஞ்சேனையில ஏடு தொடக்குவம். இந்தப் பிள்ளைதான் கையைப் பிடிக்க வேணும்.”

முதலாளியே பில் எழுதினார். புதன்கிழமையிலிருந்து மெசின் பக்கம் நில் என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

விஜயதசமி காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மேல்மாடிப் பல்கனியில் நின்றால் அந்தக் கொம்பு இடுப்பளவில் இருந்தது. கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று பார்த்தார். மெசினை நிறுத்தியதும் முதலியார் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். உறுமல் முழுக்க அடங்கியிருந்தது.

“சாட்சி சொல்லுறார்: என்னைப் பற்றி இந்தப் பிள்ளை சொன்னது முழுக்க உண்மை. நாப்பது வருசமா நான் பொய்யையும் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தனான்.”

நாற்பது வருடம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. மெசின் போன வருடம்தான் செய்தது.

முதலியார் இப்போது இல்லை. சென்ற மாதம் அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, சந்தனப் பொட்டின் கறை இன்னும் போகாத அந்த செயின்சோவைக் கையில் தந்தார். முந்தநாள் எனக்கென்று கொட்டாஞ்சேனையில் சின்னக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் திறப்பைக் கையில் வாங்கினேன். பெயர்ப்பலகைக்கும் சொல்லியாயிற்று. வெறும் கடையில் முதலில் வைத்த சாமான் அதுதான், விற்பனைக்கு அல்ல. வைக்குமுன் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நாலாவது இழுவைக்கு எழும்பினார்.

மொழிபெயர்க்க ஆளில்லை. எனக்கு விளங்கியது.