இருபது பேருக்கு அடங்காத ரத்தம்

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நான் நலமா இல்லையா என்பதே இப்போது வழக்கில் இருப்பதால், உன் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் முறையும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தே தீரவேண்டும் என்று எழுதியிருந்தாய். கொடுக்க மாட்டேன். என் இடது காலில் ரத்தம் கட்டி, கால் பூசணிக்காய் ஆனது உனக்குத் தெரியும். அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறியிருந்தால் ஆளே போயிருப்பேன் என்றார் டாக்டர். ஏன் கட்டியது என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே பார்த்தால், மற்றவர் ரத்தம் உறைகிற நேரத்தில் என்னுடையது உறையவே இல்லையாம். "ஏம்மா, குழாய் மாறிப்போச்சா?" என்று ஆய்வகப் பெண்ணைக் கேட்டேன். "மாறலைங்க ஐயா. உங்க ரத்தத்துல இருக்கிற ஒண்ணு உங்களுக்கே எதிரா வேலை செய்யுது. உடம்புக்குள்ள உறைய வைக்கும், குழாய்ல உறைய விடாது" என்றாள். வீட்டில் புலி, வெளியில் எலி என்கிற கதைதான்.

கண்ணால் பார்க்காததை நான் எப்போது நம்பினேன்? யாரும் சொல்லித்தராமல் ரேடியோவைப் பிரித்து மாட்டக் கற்றவன். காட்டச் சொன்னேன். காட்டினாள். நோயில்லாத இருபது பேருடைய ரத்தத்தின் தெளிநீரை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் என்னுடையதைச் சரிபாதி கலந்தாள். என்னிடம் ஏதாவது குறைந்திருந்தால் அவர்கள் ஈடுகட்டிவிடுவார்களாம். குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நான் நொடிமுள்ளைப் பார்த்தேன். என்னுடையது திருந்தவில்லை, அவர்களுடையதும் கெட்டது.

"இருபது பேர் சேந்தும் என்னை அசைக்க முடியலை" என்று உன் அண்ணியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் நிமிராமலே, "இதுக்கா குழாயும் மருந்தும்? நாப்பது வருஷமா நானும் கலந்துதான் பாக்குறேன். நான் கெட்டதுதான் மிச்சம்" என்றாள்.

அந்தச் சோதனைக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தும் இதே முடிவு வந்தால்தான் நோய் உறுதியாம். அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரையாம். சிலருக்குத் தானாகவே மறைந்துவிடுமாம். சொன்ன சொல்லை மாற்றாதவன் நான். என் ரத்தம் மட்டும் பேச்சை மாற்றுமா? ஆகவே அந்த ஆய்வகப் படி ஏறப்போவதில்லை.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு என் கோபம்.

அண்ணன்

பின்குறிப்பு: இன்றோடு பன்னிரண்டு வாரம். இதை எழுதியது ஆய்வகத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான். எனக்கு முன்னால் இன்னும் ஒருவர். உன் அண்ணி என் சட்டைக் கையை மடித்துவிடுகிறாள். மடிப்பு நிற்கவில்லை, பிரித்துப் பிரித்து மடிக்கிறாள். நான் தோற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே வேண்டியவள் நீ. இன்றைக்குக் கொஞ்சம் அழுத்தமாக வேண்டிக்கொள். அந்த இருபது பேர் ஜெயிக்கட்டும்.