கிதாருக்குப் படைத்த பொட்டுக்கடலை

சினிமாப் பாட்டில் கிதார் வாசிக்கிறவருக்கு முகமும் கிடையாது, பேரும் கிடையாது. இசைத்தட்டில் பாடினவர் பேர் இருக்கும், மெட்டுப் போட்டவர் பேர் இருக்கும். பின்னால் உட்கார்ந்து விரல் தேய்ந்தவர் பேருக்கு மட்டும் இடம் பத்தாது. எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் காலம் தள்ளினார். அவருடைய பிழைப்பை முதல் நாளே நான் கெடுக்கப் பார்த்தேன் என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். நான் ஒத்துக்கொண்டது கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். எங்களுக்குக் கல்யாணமாகி மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். சாந்தோமில் ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், பங்களாவில் என் மாமனார் சமையல் செய்தார். அங்கே சும்மா கிடந்த கிதாரைத் தட்டித் தட்டியே இவர் கற்றுக்கொண்டது. ஓட்டலில் சோல்ஜர்களுக்கு டான்ஸ் மெட்டு, மாதா கோயிலில் பாட்டு, நாடகக் கொட்டகையில் மாண்டலின், எதைக் கையில் கொடுத்தாலும் வாசிப்பார். (என்னைத் தவிர எல்லாவற்றையும் அடக்கத் தெரிந்தவர்.)

அப்போது வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இருந்து ஆள் வந்தது. விஜயதசமி அன்று ஒரு பாட்டு வாசிக்க வேண்டும், தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் மறுபடியும் ஓட்டல்தான். நான் சந்து முழுக்கச் சொல்லிவிட்டேன். குழாயடியில் எனக்கு முன்வரிசை கிடைத்தது.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்தேன், அம்மிக்கு வைத்தேன், கிதாருக்கும் வைத்துப் படையல் போட்டேன். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அரிவாள்மனைக்கு வாய் கிடையாது, எதிரில் வைத்தால் போதும். கிதாருக்குத்தான் நடு வயிற்றில் இவ்வளவு பெரிய வாய் இருக்கிறதே. வாய் உள்ளதற்கு எதிரில் வைத்துவிட்டுப் போவது என்ன மரியாதை? கம்பிகளை விலக்கி ஒரு பிடி ஊட்டிவிட்டேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது. மறுநாள் காலையில் அப்படியே பெட்டியில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஸ்டூடியோவில் மெதுவாகச் சுருதி சேர்த்தபோது உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் வெல்லத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. கதவைச் சாத்தி, எல்லாரையும் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார வைத்து, இவர் வேகமாக வாசிக்க ஆரம்பித்ததும் ஒட்டினது விட்டுப்போச்சு. கண்ணாடி அறையில் இருந்த சவுண்டுக்காரர் நிறுத்தச் சொன்னார். யாரோ கிலுகிலுப்பை ஆட்டுகிறார்களாம்.

எல்லாரும் மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்கள். புதுப்பெண், முழங்கை வரைக்கும் வளையல். கழற்ற மாட்டேன் என்று முந்தானையால் சுற்றிக்கொண்டு நின்றேன். மறுபடியும் வாசித்தார்கள். மறுபடியும் கிலுகிலு. அப்போது பாட்டையும் பிலிமில்தான் பிடிப்பார்கள், யுத்தத்தில் பிலிமுக்கும் ரேஷன். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

இவர் மட்டும் கிதாரை லேசாக ஆட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னாமே போட்டே இதுக்குள்ள?"

"சாமிக்குப் படைச்சதத்தான். அதுக்கு வாய் கீதே."

கவிழ்த்து உலுக்கினார். ஸ்டூடியோ ஜமக்காளம் முழுக்கப் பொரி. பூமி பிளந்தால் உள்ளே போய் உட்காரலாம் போல இருந்தது. மியூசிக் டைரக்டர் மயிலாப்பூர்க்காரர், மாட வீதி ஐயர். கோபமாக எழுந்து வந்தவர், பாதியில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

"பிரசாதமாச்சே. கால் படப்படாது. எல்லாரும் பொறுக்குங்கோ."

வயலின்காரர், தபேலாக்காரர், பாட வந்த அம்மாள், எல்லாரும் மண்டி போட்டுப் பொரி பொறுக்கினார்கள். முதலாளியும்தான். பொறுக்கினதைக் கீழே போட முடியுமா? வாயில் போட்டுக்கொண்டார்கள். பாட வந்த அம்மாளுக்குப் புரையேறி, அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தோம்.

ஒரே ஒரு பொட்டுக்கடலை மட்டும் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. மிச்சமிருந்த பிலிமும் ஒரு தடவைக்குத்தான் காணும். வேறு வழியில்லாமல் அப்படியே வாசித்தார். நான் சுற்றின முந்தானைக்குள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் சவுண்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். வாசிக்கும்போதே கண்ணை மூடிக் கேட்டிருந்த டைரக்டர் தலையை ஆட்டினார்.

"இருக்கட்டும். தாளத்துலதான் விழறது." இவரைப் பார்த்து, "நாளைலேர்ந்து வந்துடு. கிதாரை மட்டும் பட்டினி போட்டு அழைச்சுண்டு வா."

அதற்குப் பிறகு அவர் வாசித்த பாட்டுக்குக் கணக்கில்லை. மாண்டலின், பாஞ்சோ என்று வாசிக்க ஆள் கிடைக்காத வாத்தியத்துக்கெல்லாம் அவரைத்தான் உட்கார வைத்தார்கள். கடைசி வரைக்கும் ஸ்டூடியோவில் அவருக்குப் பேர் பொட்டுக்கடலை. என் பிள்ளைகள் இன்றைக்கும் வெளியே கிளம்பும்போது வண்டியைக் காட்டி, "அம்மா, இதுக்கு ஊட்டியாச்சா?" என்பார்கள்.

இப்போது அவர் இல்லை. ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் வீட்டில் சண்டை வரும். இது அப்பா வாசித்தது என்பான் பெரியவன், இல்லை என்பாள் சின்னவள். பேர் போடாததால் யாருக்கும் நிச்சயம் தெரியாது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் சண்டை கிடையாது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். பாடின அம்மாள் மூச்சு விடுகிற இடத்தில், கிதாருக்கு அடியில், கிலுக் என்று ஒரு சத்தம் வரும்.

அது அவர்தான். கூட நானும் வாசிக்கிறேன்.