ஐந்து ஸ்பீக்கரும் ஒரு தலையணையும்

ஒரு சத்தத்தை ஒரே பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு இத்தனை ஆயிரம் வருஷம் மனுஷ ஜாதி எப்படித்தான் உயிர் வாழ்ந்ததோ தெரியவில்லை. இடி மேலே இடித்தது, மேலேயே கேட்டார்கள். நாய் முன்னால் குரைத்தது; முன்னாலேயே கேட்டுவிட்டு ஓடினார்கள். அப்பாவி ஜனங்கள். நாய் முன்னால் குரைக்கும்போதே முதுகுக்குப் பின்னாலும் குரைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்த்து வைத்ததுதான் ‘சரவுண்ட் சவுண்ட்’. அது பத்தடிக்கு ஒன்பதடி அறை ஒன்றில் எழுந்தருளிய வரலாறு பின்வருமாறு.

அந்த அறையில் இரண்டு கட்டில். ஒன்று ரொட்டிக்கடை அடுப்புக்காரருடையது. ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார். படுப்பார் என்பதுதான் சரி. தூங்குவார் என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஏனென்றால் அது பல பேர் பங்கு போட்டு வாடகைக்கு இருக்கும் வீடு. மூன்று அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு குழாய். பக்கத்து அறையில் டெய்லரும் அவர் மனைவியும். தையல் மெஷின் ஓடும்போது சண்டை ஓயும், சண்டை ஓடும்போது மெஷின் ஓயும். இரண்டும் ஒரே மோட்டாரில் ஓடுவதாகக் கேள்வி. முன்னறையில் ரிட்டயர்டு சூப்பர்வைசர். முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்த தொண்டையை, வேலை போன பிறகும் காலையிலிருந்து கனைத்துக் கனைத்துப் பதமாக வைத்திருந்தார்.

எட்டு மாசம் அடுப்புக்காரர் கெஞ்சினார். “கொஞ்சம் மெதுவாம்மா”, “ஒரு மணி நேரம் போதும் சார்” என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார். ‘பகலில் ஒருவர் தூங்குகிறார்’ என்று எழுதிக் கதவில் ஒட்டினார். மறுநாள் அந்தச் சீட்டின் காலி இடத்தில், டெய்லர் மனைவியின் கையெழுத்தில் ‘வெங்காயம், சோப்பு, பட்டன் இரண்டு டஜன்’ என்று இருந்தது.

தூக்கம் வீட்டில் கிடைக்காவிட்டால் வேறெங்காவது கிடைக்கத்தானே செய்யும். அடுப்புக்காரருக்கு அது அடுப்படியில் கிடைத்தது. இரண்டு தடவை நின்றபடியே கண் அசந்தார், இரண்டு தட்டு ரொட்டி கரியாயிற்று. கடை முதலாளி நிதானமானவர், கத்தவில்லை.

“அண்ணே, ஒரு தடவை கருகினா அது அடுப்போட தப்பு. ரெண்டாவது தடவை உங்க தப்பு. மூணாவது தடவையும் கருகினா, உங்களை வச்சிருக்கறது என் தப்பு. நான் தப்பு பண்ற ஆளில்ல.”

இந்த நிலைமையில்தான் அறையின் இன்னொரு கட்டிலுக்குச் சொந்தக்காரனான இளைஞன், ஆறு அட்டைப்பெட்டிகளோடு ஒரு பகல் ஒன்றரை மணிக்கு உள்ளே வந்தான். ஒரு ஆபீசில் பழைய ஃபைல்களை ஒவ்வொரு தாளாக மெஷினில் வைத்துப் படமெடுக்கிற வேலை அவனுக்கு. காலை ஷிஃப்ட். அதனால் வீட்டில் அவனுக்கு ‘ஸ்கேனர்’ என்று பெயர்.

“அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க. உங்க கட்டிலுக்கு அடியில உஃபர், அதான் ‘தும் தும்’னு அதிர்ற பெட்டி, போகணும்.”

“அங்க என் பெட்டி இருக்கே தம்பி.”

“பெட்டியைக் கட்டில் மேல வச்சுக்குங்க.”

“அப்ப நான்?”

ஸ்கேனர் கையிலிருந்த படத்தைப் பார்த்தான். படத்தில் ஒரு அறை, ஐந்து ஸ்பீக்கர், ஒரு உஃபர், நடுவில் ஒரு சோபா எல்லாம் இருந்தன. ‘நான்’ என்று ஒன்று அதில் இல்லை.

வேலை மும்முரமாக நடந்தது. முன் இடது ஸ்பீக்கர் அலமாரி தலையில் ஏறியது. முன் வலது ஜன்னலில் உட்கார்ந்தது. அதனால் ஜன்னல் இனி மூடாது. நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே. பின் வலது கதவுக்கு மேலே. பின் இடது, அடுப்புக்காரர் சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்கியது. சட்டை ஸ்பீக்கரில் தொங்கியது. டெய்லரிடம் டேப் வாங்கி வந்து ஸ்கேனர் குறுக்கும் நெடுக்கும் அளந்தான். ஐந்து சத்தமும் வந்து கூடுகிற ‘இனிய இடம்’ எது என்று பார்த்தான். டேப் போய் நின்ற இடம் அடுப்புக்காரருடைய தலையணை.

“அண்ணே, நீங்க பெரிய அதிர்ஷ்டக்காரர். எல்லாச் சத்தமும் வந்து சேர்ற இடத்துல தலை வச்சுப் படுத்திருக்கீங்க!”

“அது எனக்கு எட்டு மாசமாத் தெரியும்” என்றார் அடுப்புக்காரர்.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி, அளவீடு. மிளகு சைஸில் ஒரு மைக், நீள ஒயரோடு பெட்டியில் இருந்தது. அதைத் தலையணை பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் மூன்று நிமிஷம் அறையின் அமைதியை மெஷின் அளக்கும். அமைதி தேறினால்தான் மேற்கொண்டு வேலை; தேறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

“அறை வழக்கம்போல இருக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கான். வழக்கப்படி இந்த நேரத்துல நீங்க படுத்திருப்பீங்க. அதனால படுங்க. அசையக் கூடாது.”

“மூச்சு?”

“மெதுவா.”

ஸ்கேனர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றான். ஒரு நிமிஷம் ஆவதற்குள் தையல் மெஷின் கடகடத்தது. ‘பின்னணிச் சத்தம் அதிகம். மீண்டும் முயலவும்’ என்றது ஸ்பீக்கர்களை இயக்குகிற பெட்டி. மீண்டும் முயன்றார்கள், சூப்பர்வைசர் கனைத்தார். மூன்றாவது முயற்சியில் சமையல்கட்டில் ஒரு தட்டு விழுந்து, ரொம்ப நேரம் யோசித்து யோசித்துச் சுழன்று அடங்கியது.

சாயங்காலம் அவசரக் கூட்டம். இடம்: சமையல்கட்டு. தலைமை: சூப்பர்வைசர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“பொருள் ஒன்று: மௌனம். தினமும் மதியம் ரெண்டிலிருந்து அஞ்சு வரை ‘அளவீட்டுக் காலம்’. சத்தம் அனுமதி இல்லை. யாருக்காவது ஆட்சேபம்?”

“ரெண்டு மணிக்குத்தான் நாங்க கொஞ்சம் மனசுவிட்டுப் பேசிக்குவோம்” என்றாள் டெய்லர் மனைவி.

“பேசறதா அது? தெருவே கூடுது” என்றார் டெய்லர்.

“பாத்தீங்களா சார், இப்படித்தான் ஆரம்பிப்பாரு.”

“எழுத்து மூலம் சமர்ப்பித்துக்கொள்ளலாம்” என்று சூப்பர்வைசர் தீர்ப்புச் சொன்னார்.

அடுப்புக்காரர் மெல்லக் கேட்டார். “இதைத்தானே சார் நான் எட்டு மாசமாக் கேட்டேன்?”

சூப்பர்வைசர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நீங்க கேட்டது தனிநபர் கோரிக்கை. இது தொழில்நுட்பத் தேவை. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அப்புறம் அந்த வீடு காட்டிய ஒழுக்கத்தைச் சொல்லி முடியாது. ரெண்டு மணியானால் குழாய்க்கு வாயில் துணி கட்டினார்கள். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார்கள். கடிகாரத்துக்கு பேட்டரி கழற்றினார்கள். கதவுக் கீலுக்கெல்லாம் தையல் மெஷின் எண்ணெய். செருப்பு போட்டால் குற்றம். டெய்லர் மனைவி ‘உங்க தங்கச்சி வந்தப்ப மட்டும் வாய் திறக்குதே’ என்று துண்டுத் துணியில் சாக்பீஸால் எழுதிக் காட்ட, டெய்லர் ‘உன் அண்ணன் வாங்கின கடிகாரம்தானே ஓடலை’ என்று பதில் எழுதினார். எழுதுகிற சிரமத்தில் சண்டை பாதியாகக் குறைந்தது. சூப்பர்வைசர் கனைப்பைத் தலையணையில் புதைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார். எல்லாம் எதற்காக? விஞ்ஞானத்துக்காக.

உள்ளே அடுப்புக்காரர் மைக்குக்குப் பக்கத்தில் கட்டளைப்படி அசையாமல் படுத்தார். முதல் நாள், காது ஏதோ குறைகிற மாதிரி திகைத்தது. எதுவுமே கேட்கவில்லை. அப்புறம் எதுவுமே தெரியவில்லை. ஐந்து மணிக்கு ஸ்கேனர் கதவைத் தட்டி எழுப்பியபோது, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அப்படித் தூங்கி எத்தனை காலம்!

அன்று ராத்திரி ரொட்டி பொன் நிறத்தில் வந்தது. ஒரு வாரம் அப்படியே வந்தது. “என்னண்ணே, அடுப்பு மாறின மாதிரி இருக்கு?” என்றார் முதலாளி.

பெட்டி மட்டும் மசியவில்லை. தினமும் அதே பாட்டு: ‘பின்னணிச் சத்தம் அதிகம்.’ ஸ்கேனர் இளைத்துப் போனான். சுவர்ப் பல்லியைச் சந்தேகப்பட்டான். எறும்பு போகிற சத்தமாக இருக்குமோ என்று சாக்பீஸ் கோடு போட்டான். பன்னிரண்டாம் நாள், கடையிலிருந்து ‘ஒலி நிபுணர்’ ஒருவரை வரவழைத்தான். அவர் பெட்டிக்குள் பதிவாகியிருந்த கோடுகளைப் போனில் பார்த்தார். வீடே பின்னால் நின்று எட்டிப் பார்த்தது.

“கட்டில் நடுவுல ஏதோ மெஷின் ஓடுதுங்க. மரம் அறுக்கற மாதிரி. ரெண்டு மணி அடிச்ச ஒரே நிமிஷத்துல ஸ்டார்ட் ஆகுது. அஞ்சு மணி வரைக்கும் நிக்கவே இல்ல.”

எல்லாரும் அடுப்புக்காரரைப் பார்த்தார்கள்.

“நான் குறட்டையெல்லாம் விடற ஆளில்லையே” என்றார் அவர், உண்மையிலேயே நம்பி. அந்த வீட்டில் யாரும் அவர் குறட்டையைக் கேட்டதில்லை. குறட்டை விடுகிற அளவுக்கு அவரை யாரும் தூங்க விட்டதில்லை. இந்தப் பன்னிரண்டு நாளும் சாத்தின கதவுக்கு வெளியே ஏதோ கேட்டது. எல்லாரும் அது மெஷின் அளக்கிற சத்தம் என்று பயபக்தியோடு நின்றிருந்தார்கள்.

“ஆளை வெளியே அனுப்பிட்டு அளங்க” என்றார் நிபுணர்.

தலையணையோடு அடுப்புக்காரர் வாசல்படியில் போய் உட்கார்ந்தார். மூன்றே நிமிஷம். ‘அளவீடு முடிந்தது’ என்றது பெட்டி. வீடு கை தட்டியது. தட்டின கை கீழே இறங்குவதற்குள் தையல் மெஷின் கிளம்பியது, ஃபிரிட்ஜ் உறுமியது, பன்னிரண்டு நாள் பாக்கியைச் சேர்த்து சூப்பர்வைசர் கனைத்தார். அதற்குமேல் ஐந்து ஸ்பீக்கர். சினிமாவில் வில்லன் சுட்டபோது சூப்பர்வைசர் நிஜமாகவே குனிந்துகொண்டார். “என்ன நுட்பம்!” என்றார் தரையிலிருந்து.

மூன்றாம் நாள் ராத்திரி அடுப்படியில் அடுப்புக்காரருக்குக் கண் செருகியது. திடுக்கிட்டுத் தட்டை இழுத்தபோது ஓரம் மட்டும் கறுத்திருந்தது. கறுத்த ரொட்டியை முதலாளி கண்ணில் படாமல் தானே தின்று தீர்த்தார். இன்னும் அரை நிமிஷம் அசந்திருந்தால் மூன்றாவது தப்பு.

காலையில் அவர் படுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். பிறந்ததிலிருந்து இவ்வளவு யோசித்ததில்லை. ஒன்றரை மணிக்கு ஸ்கேனர் வந்து, ரிமோட்டைக் கையிலெடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டான்.

“எப்படிண்ணே இருக்கு நம்ம சவுண்டு?”

“பிரமாதம் தம்பி. என்ன, பின்னாடி இடது பக்கம் மட்டும் ஒரு விரக்கடை தள்ளிக் கேக்குது.”

ஸ்கேனரின் முகம் சுருங்கியது. தலையணையில் தலை வைத்துக் கேட்டுப் பார்த்தான். மறுபடி கேட்டான்.

“ஆமாண்ணே! நீங்க சொன்னப்புறம்தான் எனக்கும் கேக்குது.”

“ஏன் தெரியுமா? என்னை வெளியே உட்கார வச்சு அளந்தீங்க. ஆனா கேக்கும்போது ஆள் உள்ளதானே இருக்கு? என் குறட்டையையும் அளந்து, அதைக் கழிச்சாத்தானே சரியான கணக்கு?”

ஸ்கேனர் வாயைப் பிளந்தான். “அண்ணே... இதுக்கு ‘மெஷின் கத்துக்கறது’ன்னு பேரு. உங்க குறட்டையை அது கத்துக்கணும். ஆனா நிறைய நாள் ஆகும்ணே. மாசக்கணக்குல கூட ஆகலாம்.”

“என்ன பண்றது. விஞ்ஞானம்னா பொறுத்துத்தான் ஆகணும்” என்று அடுப்புக்காரர் பெருமூச்சு விட்டார். “நீ வெளியே சத்தம் வராமப் பாத்துக்கோ. உள்ளே மைக், ஒயர் எல்லாம் நான் பாத்துக்கறேன். அது சொல்ற வரைக்கும் பெட்டியை யாரும் தொடக் கூடாது. கத்துக்கறதைக் கலைச்சா மறந்துடும்.”

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது. அடுப்புக்காரர் தூங்குவது இனி ‘தூக்கம்’ அல்ல, ‘தரவு’ என்று சூப்பர்வைசர் அறிவித்தார். தரவில் கலப்படம் சேரக் கூடாது என்பதால், அளவீட்டுக் காலம் காலை எட்டிலிருந்தே தொடங்கும். டெய்லர் மெஷினைத் தெருமுனைக் கடைக்கு மாற்றிக்கொண்டார். சினிமாவெல்லாம் பெட்டி கத்துக்கொண்டு முடித்த பிறகுதான்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அடுப்புக்காரர் எழுந்து வெளியே வந்தால், டெய்லர் மனைவி அக்கறையோடு விசாரிக்கிறாள்: “இன்னிக்கு நல்லா விட்டீங்களாண்ணே?” சூப்பர்வைசர் தேதி போட்டுக் குறித்துக்கொள்கிறார். ரொட்டி பொன் நிறத்தில் வருகிறது.

தலையணைக்குப் பக்கத்தில் அந்த மிளகு சைஸ் மைக் மரியாதையாகப் படுத்திருக்கிறது. அதன் ஒயரின் மறுமுனை எந்தப் பெட்டியிலும் செருகப்படவில்லை. அடுப்புக்காரர் அதைச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டிருக்கிறார். போய்ப் பார்த்தவர் யாருமில்லை. கால் வைத்தால் சத்தம் வருமே என்று பயந்து, அந்த வீட்டில் அத்தனை பேரும் விரல் நுனியில் நடக்கிறார்கள். அதே கட்டிலில் எட்டு மாசம் ஆறடி உயர மனுஷன் ஒருத்தன் படுத்திருந்தான். அவனுக்காக ஒரு கரண்டியை மெதுவாக வைத்தவர் கிடையாது.