மோனோலாரின் நிறைகுறை ஆய்வுக் குழு

மழை தொடங்கியதும் செங்கல் என்ற ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும்? குழு அமைக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத் தலைவர் முத்துக்குமாரசாமி அதைத்தான் செய்தார். நெய்யாற்றின்கரையில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேறு வைத்தியம் தெரியாது.

அவர் மகன் அனில்குமார் மோனோலாரின் மாத்திரைக்கு ஏஜென்ட். தேங்காயெண்ணெயில் உள்ள சத்திலிருந்து செய்தது, கிருமிகளை அண்டவிடாது என்று டப்பாவில் போட்டிருந்தது. அதன் நன்மை தீமைகளைப் பாரபட்சமின்றி ஆராய வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். நன்மைக்கு ஒரு உபகுழு, தீமைக்கு ஒரு உபகுழு. எதிலும் குறை சொல்லுகிறவள் என்று பேர் வாங்கிய தையல்கடை ஸ்ரீகுமாரி தீமைக் குழுவில் நியமிக்கப்பட்டாள். எதற்கும் தலையாட்டும் அவள் புருஷன் ராஜனுக்கு நன்மைக் குழு.

"தேங்காயெண்ணெயிலதானே நாம தினமும் பொரிச்சுத் தின்னுதோம்? பின்ன மாத்திரை என்னத்துக்கு சாரே?" என்று அவள் கேட்டாள்.

"எண்ணெய் சமையலுக்கு ஆக்கும். மாத்திரை சயன்ஸுக்கு" என்றார் தலைவர்.

புருஷனும் பெண்டாட்டியும் மாத்திரையை விழுங்கினார்கள். ஸ்ரீகுமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜன் மட்டும் கக்கூசிலேயே குடியிருந்தான்.

கூட்டத்தில் அவள் எழுந்து, "இவருக்கு வயிறு இளகிக் கிடக்கு சாரே. தீமையில எழுதுங்க" என்றாள்.

"ராஜன் நன்மைக் குழு. அவருக்கு நடந்தது நன்மை. உடம்பிலுள்ள கழிவு வெளியேறுது. உனக்கு என்ன தீமை?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒப்படைச்ச கடமையைச் செய்யலை" என்று தலைவர் வருத்தத்தோடு விளக்கம் கேட்டார்.

மறுநாள் ராஜனுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஸ்ரீகுமாரி ஆட்டோவைக் கூப்பிட்டாள். தலைவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரி மருந்து கலந்தா ஆய்வு கெட்டுப்போவும் மக்கா."

"ஆளு கெட்டுப்போனா?"

"அதுக்குத் தனிக் குழு போடலாம்."

அவள் ஆட்டோவைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். மடியில் கிடந்த தலை அடுப்புக்கல்லாகச் சுட்டது. ராஜன் முனகினான். குனிந்து கேட்டாள்.

"தலைவர்கிட்ட பெர்மிஷன் வாங்கலியே..."

அந்த அவசரத்திலும் அவளுக்கு அவனை ஒரு அறை விடலாம் போலிருந்தது.

டாக்டர் அனகா குளுக்கோஸ் ஏற்றினாள். ஸ்ரீகுமாரி நீட்டிய மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோதனைச்சாலையில சில கிருமிகளை இது கொல்லுது, அது சரிதான். மனுஷனுக்கு வந்த காய்ச்சலைக் குணமாக்கும்னு நல்ல ஆதாரம் கிடையாது. சிலருக்கு வயித்துக்குச் சேராது. நிறுத்துங்க" என்றாள்.

ராஜன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். ஸ்ரீகுமாரி பொதுக்குழுவில் டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். சபை மூச்சுவிடாமல் கேட்டது. சிலர் கைதட்டினார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

தலைவர் எழுந்தார். "சகோதரி கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார். இந்த மருந்துக்குத் தீமை உண்டு என்று ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளது. ஒரு ஆளையே ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் வீரியம்! வீரியமில்லாத மருந்தை வைத்து என்ன செய்வது? ஆகவே இதை எல்லாரும் உட்கொள்ளலாம் என்று தீர்மானிக்கலாமா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டியவர்கள்தான் முதலில் அனில்குமாரைச் சுற்றிக்கொண்டார்கள். "நல்ல பவரு உள்ளதாக்கும்" என்று ஒருவர் ரெண்டு டப்பாவை மடியில் கட்டினார்.

ஸ்ரீகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். இப்படியும் ஒரு ஊர் உண்டா? விவரம் கெட்ட ஜனங்கள்! வாசல்வரை நடந்தாள்.

"ஸ்டாக் தீரப்போவுது!" என்று உள்ளே யாரோ கத்தினார்கள்.

அவள் நின்றாள். ஊரெல்லாம் தின்னும்போது நம் வீட்டில் மட்டும் இல்லாமல் போனால்?

"எலே அனிலு," என்று கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள், "எனக்கும் ஒண்ணு எடுத்து வை!"