போர்ச்சுகல் போன ராகு காலம்

கடல் தாண்டி யாவாரம் பண்ணினவங்க எத்தனையோ பேர் உண்டு. ஆனால் குற்றாலத்தில் எண்ணெய்ப் பலகையில் படுத்துக்கிடந்த ஆளைப் பிடித்து ஒரு கண்டத்துக்குள்ளேயே நுழைந்தவன், உலகத்தில் எங்க பூகோளம் ஒருத்தன்தான்.

இலஞ்சியில் என் கட்டடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாடகைக்கு இருக்கு. நான் ஆறாங்கிளாஸ் தாண்டாதவன். படிச்சவங்க எல்லாம் என்னைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்லிட்டு உள்ளே போறாங்க. கடைகளுக்கு பில்லு போடுற சாஃப்ட்வேர் அது. கணக்கெல்லாம் கடையில் இருக்காது, ‘கிளவுடு’ன்னு எங்கேயோ இருக்கும். அதை வெளிநாட்டில் விற்கப் போட்ட ஆள்தான் பூகோளம். கேரள எல்லையில் இருக்கிற ஆரியங்காவைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் எந்த நாட்டில் எப்போ கடை திறப்பான், வரி எப்படிப் போடுவான், எல்லாம் விரல் நுனியில். அதனாலதான் அந்தப் பட்டப்பேரு.

எப்படித் தெரியும்? சீசனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரங்களை ஐந்தருவியில் மடக்குவான். மசாஜுக்குப் படுத்தவன் எந்திரிச்சு ஓட முடியாதுல்லா? பக்கத்துப் பலகையில் இவனும் படுத்துக்கிடுவான். “உங்க ஊர்ல பில்லு எப்படிப் போடுதாங்க?” என்று இங்கிலீஷில் ஆரம்பிப்பான். ஒரு சீசனில் இவன் உடம்பில் இறங்கின எண்ணெயில் ஒரு கல்யாண வீட்டுக்கே அப்பளம் பொரிக்கலாம்.

அப்படிச் சிக்கினவர்தான் போர்ச்சுகல்காரர். அங்கே டைல்ஸ் கடைகள் வச்சிருக்கார். தலை துவட்டுறதுக்குள்ள சரின்னுட்டார். கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு வாடிக்கை.

கொஞ்ச நாளில் பூகோளம் முகம் செத்துப்போய் என் அரிசி மில்லுக்கு வந்தான்.

“அண்ணாச்சி, தினமும் ஒன்றரை மணி நேரம் அங்கன சாஃப்ட்வேர் படுத்துக்கிடுதாம். புதுசா ஒருத்தர் பேரை ஏத்த முடியலியாம். ஒவ்வொரு நாளும் வேற வேற நேரம். வயரெல்லாம் மாத்திப் பாத்துட்டாங்களாம். இவரு போயிட்டா வெளிநாட்டுப் பிரிவையே மூடிருவோம், நீ சென்னை ஆபீசுக்குக் கிளம்புன்னு மேனேஜரம்மா சொல்லுதாங்க.”

“வெள்ளிக்கிழமை எப்பம்லே படுக்கு?”

“அவங்க ஊரு மணிக்குப் பத்தரைக்கு.”

“பன்னெண்டுக்கு எந்திரிச்சிருமா?”

“ஆமா அண்ணாச்சி!”

“ஏலே, அது ராகு காலம்லா!”

இந்த சாஃப்ட்வேரை முதலில் வாங்கினது என் மில்தான். ராகு காலத்தில் புதுக் கணக்கு திறக்க முடியாதபடி பூட்டச் சொன்னது என் மூளை. அப்புறம் தென்காசிக் கடைக்காரங்க அத்தனை பேரும் அதைக் கேட்டு வாங்கினாங்க. என்ஜினீயர் பிள்ளைகளும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். உலகத்துக்கே ராகு காலம் உண்டுன்னு நினைச்சு, கழற்றாமல் அனுப்பிட்டாங்க.

“சர்வர் கோளாறுன்னு சொல்லிருங்க” என்றார் மேனேஜரம்மா. பூகோளம் கேட்கவில்லை. “பொய் சொல்லிட்டு ஒரு நாட்டுக்குள்ள நுழையக்கூடாது மேடம்.” வீடியோவில் உள்ளதை உள்ளபடி சொன்னான். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

போர்ச்சுகல்காரர் ‘ராகு’ன்னு ஒரு தாளில் எழுதிக்கிட்டார். அப்புறம், “அந்த நேரத்தில் நீங்க என்னதான் செய்வீங்க?” என்றார்.

“புதுசா ஒண்ணும் தொடங்க மாட்டோம். பழைய வேலையை முடிப்போம்.”

அவர் திரும்பி அவர் பாஷையில் ஏதோ சொன்னார். பின்னால் ஒரே சிரிப்பு. விஷயம் என்னன்னா, புது ஆளுக்குப் பில்லு போட முடியாததால் அவர் ஆட்கள் அந்நேரம் குடோனை அடுக்கியிருக்காங்க. தொலைஞ்சதுன்னு விட்ட டைல்ஸ் எல்லாம் கிடைச்சிட்டாம். “பூட்டை எடுத்துராதீங்க, சாவியை மட்டும் என்கிட்ட கொடுங்க” என்றார்.

இப்போ எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பூட்டும் கூடப் போகுது, வேண்டியவன் போட்டுக்கலாம். என் யோசனையில் பல தேசத்துக்காரன் குடோன் பெருக்குதான். படிச்சவன் எவனாவது இதைச் சாதிச்சிருக்கானா?

கம்பெனி போர்ச்சுகலில் ஆபீஸ் திறந்தபோது, பூகோளம்தான் வரணும்னு அந்த டைல்ஸ்காரரே கேட்டார்.

“சென்னைக்கே போகமாட்டேன்னு அழுதவன், இப்பம் பிளேன் ஏறுதியாலே?”

“சென்னைக்குத் துரத்துனாங்க அண்ணாச்சி. இவரு கூப்பிடுதாருல்லா.”

போயிட்டான்.

என் கட்டடத்து மாடியில் அவன் குடியிருந்த அறையை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒழுகுதுன்னு சொல்லி அனுப்பிருதேன். இந்தச் சாரலுக்கும் அங்கே ஒரு சொட்டு ஒழுகினதில்லை.